பதினேழாவது ஸ்தோத்திரம்

கணபதி, கோயம்புத்தூர்
11 ஜூலை 2021

அன்புள்ள அண்ணாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் உடம்புக்கு நன்றாக இருக்கிறேன். நீங்களும் அண்ணியும் பெனிட்டாவும் சுகந்தானே? காய்ச்சல், இருமல் என்று ஏதாவது இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். வால்பாறையில் உங்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு டவர் எட்டுவதில்லை. நீங்கள் மேட்டுக்கு ஏறி வந்து போன் செய்தாலும், நான் "அம்மா" என்று ஆரம்பித்ததும் "சார்ஜ் இல்ல கண்ணு" என்று வைத்துவிடுகிறீர்கள். காகிதத்துக்குச் சார்ஜ் தீராது.

அம்மா போய் இன்றோடு ஐம்பத்தெட்டு நாள். ஊரடங்கில் உங்களுக்கு இ-பாஸ் கிடைக்கவில்லை, வர முடியவில்லை. அதனால் நான் பார்த்ததை எழுதிவிடுகிறேன். கல்லறைத் தோட்டத்தில் என்னை இருபதடி தள்ளி நிறுத்தினார்கள். வெள்ளை உடுப்புப் போட்ட நான்கு பேர் கயிற்றில் இறக்கினார்கள். முகத்தை ஒருமுறை காட்டச் சொன்னேன். "ஜிப்பத் தொறக்கக் கூடாதுங்க" என்றான் ஒருவன். நம் சபை ஆயர் போனில் ஜெபம் செய்தார். ஸ்பீக்கரில் பாதி வார்த்தைகள் விட்டுப் போயின.

இனி நான் சொல்ல வந்தது. ஏப்ரல் 24, அம்மாவுக்கு அறுபது வயது நிறைந்த ஸ்தோத்திர ஜெபம். அதற்கு முன் இரண்டு வாரமாக அம்மா வாசற்படி தாண்டவில்லை. ஆறாம் நாள் காய்ச்சல். ஆக, அன்றைக்கு நம் வீட்டு முன்னறையில் இருந்தவர்களில் ஒருவர்தான் கொரோனாவைக் கொண்டுவந்தார். அம்மா, நான், நீங்கள் போக எட்டுப் பேர். எட்டுப் பெயரையும் ஒரு தாளில் எழுதிவைத்திருக்கிறேன். அந்த ஒருவர் யாரென்று கண்டுபிடிக்கப் போகிறேன்.

கண்டுபிடித்து என்ன செய்வாய் என்று கேட்காதீர்கள். அம்மாவின் வேதபுத்தகத்தில் ஆறுதல் சொல்லும் இடங்களுக்கெல்லாம் நீல மையில் கோடு போட்டிருக்கிறது. நான் கோடில்லாத பக்கங்களாகப் பார்த்துப் படிக்கிறேன். பகைவன் பல் உடைய வேண்டும் என்று கேட்கிற ஜெபங்களும் அதே புத்தகத்தில்தான் இருக்கின்றன. அம்மா அவற்றை எப்படித் தாண்டிப் போனாள் என்று ஆச்சரியமாக இருக்கிறது.

அண்ணிக்கு என் அன்பு. குழந்தைக்கு முத்தம்.

தங்கை,
அன்பு


வால்பாறை
2 ஆகஸ்ட் 2021

அன்புத் தங்கை அன்புக்கரசிக்கு அண்ணன் ரவிக்குமார் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். நீ தனியாக இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடு. உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்ட் போட்டுவிட்டார்கள், அதனால் பதில் எழுதத் தாமதம்.

மழை விடாமல் பெய்கிறது. தேயிலை நிறைய வருகிறது. பெனிட்டாவுக்குப் பாடம் எல்லாம் போனில்தான். லைன் பிள்ளைகள் நாலு பேர் குடையோடு மேட்டில் போய் உட்கார்ந்து படிக்கிறார்கள். பாதிப் பாடம் மழைக்குப் போய்விடுகிறது.

நீ எழுதியதைப் படித்தேன். அம்மணி, வந்த வியாதி யார் மூச்சில் வந்தது என்று யாருக்குத் தெரியும். கர்த்தர் பார்த்துக்கொள்வார், விட்டுவிடு. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டால் உனக்கு நல்லது.

அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
ரவி


கணபதி
22 ஆகஸ்ட் 2021

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். வேளைக்குச் சாப்பிடுகிறேன். அண்ணிக்கு முதுகுவலி என்று போன மாதம் சொன்னாள், தேவலையா?

தாளை நான் கிழிக்கவில்லை. எட்டில் ஆறு பெயரை அடித்துவிட்டேன். பாலிடெக்னிக் இன்னும் திறக்காததால் நூலகத்தில் எனக்கு வேலை குறைவு. நேரம் நிறைய இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் போய் உடம்பை விசாரிக்கிறேன். எந்தத் தேதியில் காய்ச்சல், எங்கே சோதனை, யாருக்கு முதலில். என் கேள்விகளை எல்லாரும் அன்பு என்று நினைத்து டீ போட்டுக் கொடுக்கிறார்கள்.

வீட்டுக்கார அம்மா வெங்கடம்மாளை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. இரண்டாவது கேள்வியிலேயே பிடித்துவிட்டாள்.

"ஏனுங்க அம்மணி, நானென்ன உங்க ஜெபத்துக்கா வந்தேன்? உங்கம்மா கேசரிக்கு வந்தேன். வாசப்படியில நின்னு வாங்கித் தின்னுபோட்டுப் போயிட்டேன். போலீஸுக்காரியாட்டக் கேக்கறீங்களே!"

"சும்மா கேட்டேனுங்க."

"சும்மா கேக்கற மூஞ்சியா இது? கண்ணாடில போய்ப் பாருங்க."

பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். ஆனால் அதற்காக வெட்கப்படவில்லை.

மிச்சமிருப்பது அங்கப்பன் சாரும் அவர் மனைவி சாராளம்மாவும். ஜெபக்குழுத் தலைவர் என்பதால் அன்றைக்கு ஜெபத்தை நடத்தியவர் அவர்தான். சாராளம்மா நம் அம்மாவுக்கு ஒன்பது நாள் கழித்துப் போய்விட்டாள். இப்போது அவர் தனியாகத் தன் லேத் பட்டறைக்குப் பின்னால் குடியிருக்கிறார். கேட்டால் மணிக்கணக்காக மனைவியைப் பற்றியே பேசுகிறார். தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

பதில் சீக்கிரம் எழுதுங்கள். உங்கள் மௌனம் எனக்குத் துணையாக இல்லை.

தங்கை,
அன்பு


வால்பாறை
25 செப்டம்பர் 2021

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் நலம். உன் நலம் தெரிந்தால் சந்தோஷம். இத்துடன் டஸ்ட் டீத்தூள் ஒரு கிலோ அனுப்பியிருக்கிறேன், புதுத்தூள். அண்ணிக்கு முதுகுவலி பரவாயில்லை.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

ரவி


கணபதி
18 அக்டோபர் 2021

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் மூவருக்கும் கர்த்தர் நல்ல சுகம் தருவாராக. டீத்தூள் வந்தது. "வேறு விசேஷம் ஒன்றுமில்லை" என்பதும் வந்தது.

எனக்கு விசேஷம் இருக்கிறது. ஆள் கிடைத்துவிட்டார்.

நேற்று, பல மாதங்களுக்குப் பிறகு ஞாயிறு ஆராதனை. ஸ்தோத்திர காணிக்கை வாசிக்கிற நேரம். நம் சபை வழக்கம் உங்களுக்குத் தெரியுமே. நன்மை பெற்றவர்கள் காணிக்கைக் கவரின் மேல் என்ன நன்மை என்று எழுதிப் போட வேண்டும். அதை ஆயர் ஒரு வார்த்தை விடாமல் வாசிப்பார், சபை ஆமென் சொல்லும். லைசென்ஸ் கிடைத்ததற்கு ஸ்தோத்திரம், மூலம் குணமானதற்கு ஸ்தோத்திரம். சிறுவயதில் நீங்களும் நானும் சிரிப்பை அடக்கப் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொள்வோம்.

நேற்று ஆயர் வாசித்தார்: "ஏப்ரல் மாதம் இருபதாம் தேதி கண்ட காய்ச்சலிலிருந்து பூரண சுகம் தந்ததற்காக. அங்கப்பன்."

ஏப்ரல் இருபது! நான்கு நாள் கழித்து நம் வீட்டில், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, அம்மாவின் தலையில் கைவைத்து ஜெபித்தார். அவர் மனைவியும் போனாளே என்று நீங்கள் சொல்வீர்கள். அது அவருக்குக் கிடைத்த தண்டனை. என் பங்கு இன்னும் பாக்கி.

எப்படி என்பதையும் யோசித்துவிட்டேன். நவம்பர் 21 அறுவடைப் பண்டிகை. ஊரே வரும். நானும் ஒரு ஸ்தோத்திரக் கவர் போடுவேன். ஆயர் முன்கூட்டிப் படித்துப் பார்க்கிறவர் இல்லை. எழுதியிருப்பதை மைக்கில் வாசித்த பிறகுதான் அதன் அர்த்தம் அவருக்கே தெரியும்.

உங்களிடம் ஒன்று வேண்டும். அன்று நீங்கள் அவர் பக்கத்து நாற்காலி. இருவரும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடினீர்கள். அவர் இருமினாரா? ஒரு வரி எழுதுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் காட்டுவதற்கு எனக்கு ஒரு சாட்சி தேவை.

தங்கை,
அன்பு


வால்பாறை
29 அக்டோபர் 2021

அன்புத் தங்கைக்கு,

நலம், உன் நலத்துக்கு ஜெபிக்கிறேன்.

அன்றைக்கு யார் இருமினார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை. அங்கப்பன் சார் நல்ல மனுஷர். நான் பத்தாவதில் பெயிலானபோது அவர்தான் பட்டறையில் உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். சம்சாரத்தைப் பறிகொடுத்தவரைச் சபை நடுவில் நிறுத்தாதே கண்ணு. கவர் போடாதே.

உனக்கு யாரையாவது திட்ட வேண்டும் என்றால் என்னைத் திட்டு. நான் கேட்டுக்கொள்கிறேன்.

ரவி


கணபதி
3 நவம்பர் 2021

அண்ணாவுக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை, மன்னிக்கவும்.

எனக்குத் திட்ட வேண்டியதில்லை. நியாயம் வேண்டும். உங்களுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவர் என்பதால் அம்மாவைக் கொன்றால் பரவாயில்லையா? மருத்துவமனையில் எட்டாம் நாள் அம்மா மூச்சுக்கு இடையில் கேட்டது உங்களைத்தான். "ரவி வந்துட்டானா?" நான் "வழியில இருக்கறாங்க" என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யை உங்களுக்காகச் சொன்னேன். நீங்கள் எனக்காக ஓர் உண்மையைச் சொல்ல மாட்டீர்களா?

கவரில் எழுதப் போவது இதுதான், படியுங்கள்:

"என் தாயின் மரணத்துக்குக் காரணமானவரை எனக்கு அடையாளம் காட்டிய கர்த்தருக்கு ஸ்தோத்திரம். காய்ச்சலை மறைத்து எங்கள் வீட்டில் ஜெபம் நடத்தியவர் அங்கப்பன். அன்புக்கரசி."

நான்கு முறை திருத்தி எழுதினேன். ஒரு வார்த்தை அதிகமில்லை.

நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். ஒரே ஒரு வரி. எழுதாவிட்டால் அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை என்று எண்ணிக்கொள்கிறேன்.

அன்புக்கரசி


வால்பாறை
9 நவம்பர் 2021

அன்புத் தங்கைக்கு,

அங்கப்பன் சார் இருமினார்.

ரவிக்குமார்


கணபதி
14 நவம்பர் 2021

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், மிகவும் நலம். உங்களுக்கும் அண்ணிக்கும் பெனிட்டா செல்லத்துக்கும் கர்த்தர் எல்லா நன்மையும் தருவாராக. மழையில் மலைப்பாதையில் மண் சரிகிறது என்று செய்தியில் காட்டினார்கள். ஜாக்கிரதை.

உங்கள் ஒரு வரி வந்த அன்று மூன்று தோசை தின்றேன். ஆறு மாதத்தில் முதல்முறையாகப் பசித்தது. வெங்கடம்மாள்கூட "என்னுங்க அம்மணி, மாப்ள கீப்ள பாத்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

கொரோனாவுக்குப் பிறகு காணிக்கைக் கவர்களை ஒரு வாரம் முன்பே வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட வேண்டும், கை படாமல் இருக்கட்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அதனால் இன்றைக்கே போட்டுவிட்டேன். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அங்கப்பன் சார் எதிரே வந்து, "நல்லா இருக்கீங்களா அம்மணி?" என்றார். "ரொம்ப நல்லா இருக்கேனுங்க" என்றேன். உண்மையாகவே சொன்னேன்.

இன்னும் ஏழு நாள்.

தங்கை,
அன்பு


வால்பாறை
19 நவம்பர் 2021

அன்பு,

தபாலில் போட்டால் ஞாயிறுக்குள் வராது. கோயம்புத்தூர் பஸ் கண்டக்டர் கதிரேசனிடம் கொடுத்து அனுப்புகிறேன். சனிக்கிழமை மத்தியானம் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள் என்று அண்ணியை விட்டு உனக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன். இதை நானே போனில் சொல்லிவிட மூன்று நாள் மேடு ஏறினேன். உன் நம்பரைப் போட்டுப் போட்டு வைத்துவிட்டேன்.

அங்கப்பன் சார் இருமவில்லை. நான்தான் இருமினேன். புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு இருமினேன்.

ஏப்ரல் 22 எனக்குக் காய்ச்சல். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள். ரெண்டு நாளில் மெசேஜ் வரும் என்றார்கள். 24 காலை மாத்திரை போட்டேன், காய்ச்சல் விட்டது. அம்மாவுக்கு அறுபது, போகாமல் எப்படி என்று பஸ் ஏறிவிட்டேன். கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி ஆழியாறு வந்ததும் டவர் கிடைத்து போன் அடித்தது. முதலில் வந்தது மெசேஜ். பாசிட்டிவ். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் போன். "எங்க கண்ணு இருக்கே? கேசரி கிளறிட்டிருக்கேன்."

அங்கே இறங்கியிருக்க வேண்டும். பஸ் நின்றது, ஆட்கள் இறங்கினார்கள். நான் எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன்.

முகக்கவசத்தைக் கழற்றக் கூடாது என்றுதான் வந்தேன். அம்மா கதவிலேயே கழற்றிவிட்டாள். "உன்ற மூஞ்சியப் பாத்து ஆறு மாசமாச்சு."

அம்மா போனபோது இ-பாஸ் கிடைக்கவில்லை என்றேன். நான் விண்ணப்பமே போடவில்லை. எந்த முகத்தோடு அந்தக் குழிக்கு முன்னால் நிற்பது. இங்கே லைன் சபையில் திருவிருந்து அப்பம் கொடுக்கிற ஞாயிறுகளில் அதைத் தொட மனம் வராமல் வெளியே போய் நின்றுவிடுகிறேன். வயிற்றுவலி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நீ ஒரு வரி கேட்டாய். பொய்யை எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அம்மா முகத்தைவிட அங்கப்பன் சார் முகம்தான் அதிகமாக வருகிறது. கவரை எடுத்துவிடு. அல்லது பெயரை மாற்றி எழுது. என் பெயரை மைக்கில் வாசிக்கட்டும். நான் சத்தியமாகக் கோபப்பட மாட்டேன்.

ரவி


கணபதி
22 நவம்பர் 2021

ரவியண்ணா,

உக்கடத்தில் ஒரு பேக்கரி வாசலில் நின்று படித்தேன். இரண்டாம் முறை படிக்கவில்லை. முதலில் எனக்குத் தோன்றியது அழுகை இல்லை. நீங்கள் சொன்னதைச் செய்துவிடலாம் என்றுதான் தோன்றியது. பெயரை மட்டும் மாற்றினால் போதும், மற்றதெல்லாம் பொருந்தும். பேக்கரியில் பேனா இரவல் கேட்டு வாங்கியும்விட்டேன்.

எந்தப் பெயரானாலும் கவர் கையில் வர வேண்டும். ஆயருக்குப் போன் செய்து, கவரில் ஒரு திருத்தம் இருக்கிறது என்றேன். "பெட்டியைத் திறந்தாச்சேம்மா. நான் கவரைத் தொடறதில்ல. அங்கப்பன்தான் பட்டியலா எழுதித் தருவார். இப்ப அவர் வீட்டுல எழுதிட்டிருப்பார்" என்றார்.

அவரைப் பற்றி எழுதியதை அவர் கையாலேயே பிரதி எடுக்க வைத்திருக்கிறேன்.

நேரே அங்கப்பன் சார் பட்டறைக்குப் போனேன், லேத் ஓடவில்லை. பின்னறையில் மேசையில் முழுத்தாளும் கவர்க்கட்டும். அவர் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க அம்மணி. உங்களுதத்தான் எழுதிட்டிருக்கேனுங்க. பதினேழாவது."

தாளைப் பார்த்தேன். என் வாக்கியம் முழுவதும் அவருடைய சாய்ந்த கையெழுத்தில் இருந்தது. தன் பெயரையும் எழுதி முடித்திருந்தார்.

"படிச்சுட்டா எழுதறீங்க?"

"படிக்காம எப்படீங்க எழுதறது? ஒரு வார்த்தையும் மாத்தலீங்க."

"எனக்குத் திருப்பிக் கொடுத்துருங்க."

"எதுக்குங்க? நானே எழுதோணும்னு இருந்ததுதான். கை வல்ல. போன மாசம் ஸ்தோத்திரத்துல தேதியப் போட்டு எழுதினேனே, எதுக்குன்னு நெனைக்கறீங்க? யாராச்சும் கணக்குப் போட்டுக் கேப்பாங்கன்னுதான். எல்லாரும் ஆமென்னு சொல்லிபோட்டுப் போயிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் கணக்குப் போட்டிருக்கீங்க." பிறகு சாதாரணமாக, "டீ வெக்கட்டுங்களா?" என்றார்.

ஆறு மாதமாக அந்த மனிதர் தன் மனைவியையும் நம் அம்மாவையும் கொன்றது தானே என்று நினைத்துக்கொண்டு தனியாகச் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார். நான் அதே நேரத்தில் அவர் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டு தேதி விசாரித்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்? அவரை விடுவிக்க என்று சொன்னால் பாதிதான் உண்மை. உங்கள்மேல் கோபப்பட எனக்கு இன்னொரு ஆள் வேண்டியிருந்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். முடித்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனார். அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது.

"எங்க சாராளு அவனுக்கு மூணு தடவ கேசரி வெச்சாளுங்க. எளச்சுப் போயிட்டியே சாமின்னு சொல்லிச் சொல்லி வெச்சா." கடிதத்தை நான்காக மடித்தார். "பாசிட்டிவுன்னு தெரிஞ்சு வந்தானா? தெரிஞ்சே?"

நீங்கள் இருந்திருந்தால் அடித்திருப்பார். நான் தடுத்திருக்கவும் மாட்டேன்.

கடிதத்தை என் கவரோடு சேர்த்துவைத்து, "இதும் கவரும் எங்கிட்ட இருக்கட்டுங்க. போய்ட்டு வாங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் மைக்கில் உங்கள் பெயர் வரும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவருக்கு அந்த உரிமை இருந்தது. உங்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. உங்களைக் காப்பாற்ற என் கை நீளவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன்.

நேற்று சபை நிரம்பியிருந்தது. பீடத்தின் முன்னால் பூசணி, வாழைத்தார், கரும்பு, யாரோ கட்டிவைத்த சேவல். ஆயர் பட்டியலை எடுத்தார். ஒவ்வொரு ஸ்தோத்திரத்தையும் விரலில் எண்ணினேன். பதினாறு, கல்லுக்குழியில் கிணற்றில் தண்ணீர் வந்ததற்கு. பிறகு:

"பதினேழு. வால்பாறையிலிருக்கும் தன் அண்ணன் ரவிக்குமாரை, ஏப்ரல் மாதம் கண்ட கொரோனா காய்ச்சலிலிருந்து உயிரோடு காப்பாற்றித் தந்ததற்காக. அன்புக்கரசி."

சபை ஆமென் என்றது. என் வாயும் சொன்னது, அண்ணா. அதற்கு நான் உத்தரவு கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு பாடிய பாட்டு எது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் அந்தக் காய்ச்சல் வந்தது, நீங்களும் செத்திருக்கலாம் என்பதே எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. அந்த எட்டுப் பெயர் தாளில் உங்களையும் என்னையும் நான் எண்ணவே இல்லை.

வெளியே சேவலை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கப்பன் சாரைத் தூணுக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"நான் அப்படி எழுதலீங்களே."

"இல்லீங்க. நாந்தான் எழுதினேன்."

"எம்பேர்ல எதுக்குங்க போட்டீங்க?"

"எம்பேர்ல போடலாம்னுதான் பாத்தேன். மனசு வல்லீங்க." வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "அதான் உங்க பேர்ல போட்டேன். நீங்க தங்கச்சி. உங்களுக்குச் சுளுவா இருக்கும்னு."

சுளுவாக இல்லை. அவரிடமும் அதைச் சொன்னேன். "எனக்கும் இல்லீங்க" என்றார். பிறகு, "அவன வரச் சொல்லுங்க. கேக்கறதுக்கு இருக்குது" என்றார்.

உங்களுக்குச் சோதனை செய்தார்கள், அவருக்குச் செய்யவில்லை. யாருடைய மூச்சு அம்மாவைத் தொட்டது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இதே பேச்சை ஆகஸ்டில் நீங்கள் எழுதியபோது அது ஒளிந்துகொள்ளும் இடமாக இருந்தது. இப்போது நான் எழுதும்போது அப்படி இல்லை என்று நினைக்கிறேன்.

நேற்று மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கினேன். எழுந்தபோது வெளிச்சம் இருந்தது. யாரையும் நினைத்துப் பல்லைக் கடித்திருக்கவில்லை. சபையில் இதைச் சமாதானம் என்பார்கள். எனக்கு அந்த வார்த்தை இன்னும் பெரியதாக இருக்கிறது. வைத்துக்கொள்ளத் தெரியாத பொருளை யாரோ வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனதுபோல இருக்கிறது.

மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த வார்த்தை வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு வாருங்கள். கதவைத் திறப்பேன்.

அண்ணிக்கு இது தெரியுமா? தெரியாவிட்டால் சொல்லிவிட்டு வாருங்கள்.

அன்பு


வால்பாறை
10 டிசம்பர் 2021

அன்புத் தங்கைக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். உன் கடிதத்தை அண்ணியிடம் கொடுத்தேன். நான் உனக்கு எழுதியதையும் வாயால் சொன்னேன். ரெண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "போய்ட்டு வாங்க, நாங்க பின்னால வாரோம்" என்றாள். பெனிட்டா உனக்கு ஒரு படம் வரைந்திருக்கிறாள், கொண்டுவருகிறேன்.

24-ம் தேதி முதல் பஸ்ஸில் வருகிறேன். இறங்கியதும் முதலில் அங்கப்பன் சார் வீடு. அவர் என்ன கேட்கிறாரோ அதற்கெல்லாம் உட்கார்ந்து பதில் சொல்லிவிட்டு, அப்புறம் உன் வீடு.

எனக்காகச் சோறு போட்டு வைத்துக்கொண்டு காத்திருக்காதே கண்ணு. அங்கே எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது.

உன் அண்ணன்,
ரவி